ஒரு சீக்கு இன்னொரு உயிருக்கு எப்போது தாவும்?

பயிற்சி வகுப்புக்குப் போகிற இடமெல்லாம் இந்தக் கேள்வி வருகிறது. "ஐயா, வாத்தையும் கோழியையும் ஒண்ணா விடலாமா? கோழிக்கு வந்த சீக்கு மாட்டுக்கு வருமா? ஆட்டுக்கு வந்தது நமக்கு வருமா?"

வயலில் வாத்து, குட்டையில் மீன், கொல்லையில் கோழி, கொட்டிலில் மாடு என்று ஒருங்கிணைந்த பண்ணையம் பேசிவருகிறவர்கள் நாம். அப்படிப் பேசுகிறவர்களுக்கு இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் கடமையும் உண்டு. ஆனால் நம்மில் பலர், "இயற்கையா வளத்தா எதுவும் அண்டாதுங்க" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி தெரியாதவர் பட்டி ஒரே வாரத்தில் காலியாவதை நான் பார்த்திருக்கிறேன். அந்த மீதியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

வைரஸ் என்கிற நச்சுயிரி தானாகப் பெருக முடியாது. இன்னொரு உயிரின் உயிரணுவுக்குள் புகுந்தால்தான் அதற்குப் பிழைப்பு. ஆனால் அதற்குக் கண்ணும் கிடையாது, காலும் கிடையாது. தண்ணீரிலோ காற்றிலோ மிதந்து வந்து உயிரணுவின் மேல் மோதுகிறது. மோதின இடத்தில் தன் கைக்குப் பிடிபடுகிற பொருள் இருந்தால் ஒட்டிக்கொள்ளும், இல்லாவிட்டால் நழுவிப் போய்விடும். அந்தப் பிடிபொருளைத்தான் ஏற்பி என்கிறார்கள். உயிரணு அதை வைரஸுக்காக வைத்திருக்கவில்லை. தன் சொந்த வேலைக்கு வைத்திருக்கிறது. வந்தவன் அதைக் கைப்பிடியாக்கிக்கொள்கிறான், அவ்வளவுதான்.

பறவைக் காய்ச்சல் வைரஸ் பிடிப்பது எதைத் தெரியுமா? சர்க்கரையை. உயிரணுவின் மேற்பரப்பைக் கதிர் விட்ட நெல் வயலாக நினைத்துக்கொள்ளுங்கள். நெருக்கமாக நிற்கும் ஒவ்வொரு கதிரும் ஒரு சர்க்கரைச் சங்கிலி. கதிரின் நுனி மணி இருக்கிறதே, அது சியாலிக் அமிலம் என்ற பொருள். இதை 1936இல் சுவீடன் நாட்டு அறிஞர் குன்னார் பிளிக்ஸ் பிரித்தெடுத்தது மாட்டின் எச்சில் சுரப்பிச் சளியிலிருந்து. கிரேக்க மொழியில் எச்சிலுக்கு உள்ள சொல்லிலிருந்துதான் அந்தப் பெயரே வந்தது.

வைரஸ் இதைப் பிடிக்கிறது என்பதற்கான முதல் தடயம் கோழி ரத்தத்தில் கிடைத்தது. 1941இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஹிர்ஸ்ட் என்பவர் கோழி முட்டைக் கருவில் ஃபுளூ வைரஸை வளர்த்துக்கொண்டிருந்தார். கருவின் ரத்தக்குழாய் கிழிந்து ரத்தம் அந்த நீரில் கலந்தபோது சிவப்பணுக்கள் திரிதிரியாகச் சேர்ந்துகொள்வதைக் கவனித்தார். வைரஸின் பல கைகள் பல சிவப்பணுக்களை ஒரே நேரத்தில் பிடித்ததால் வந்த கட்டி அது. எச்5என்1 என்று செய்தியில் படிக்கிறோமே, அதில் 'எச்' என்பது இந்தக் கைக்கு வைத்த எழுத்து. 'என்' என்பது கத்தரிக்கோல். பெருகி வெளியே வரும் புது வைரஸ் அதே சர்க்கரையில் சிக்கி நின்றுவிடாமல் நுனி மணியை வெட்டிவிட்டுக் கிளம்ப அது வேண்டும்.

இப்போதுதான் முக்கியமான இடத்துக்கு வருகிறோம். நுனி மணி நாம் பேசுகிற இந்த உயிர்களில் எல்லாம் சியாலிக் அமிலம்தான். ஆனால் அது காம்போடு சேருகிற விதத்தில் இரண்டு வகை உண்டு. ஒரு வகையில் கதிர் பால் பிடிக்கும் முன் நிற்பதுபோல் நிமிர்ந்து நிற்கும். இன்னொரு வகையில் முற்றின கதிர்போல் வளைந்து தொங்கும். வாத்தின் குடலில் இருப்பது பெரும்பாலும் நிமிர்ந்த கதிர். அதனால் பறவை வைரஸின் கை நிமிர்ந்த கதிருக்கு ஏற்ப அமைந்திருக்கிறது. மனிதரின் மூக்கிலும் தொண்டையிலும் பெரும்பாலும் வளைந்த கதிர். ஆண்டுதோறும் நமக்கு வரும் ஃபுளூவின் கை அதைப் பிடிப்பதற்கானது. பறவைக் காய்ச்சல் கண்ட கோழியைத் தொட்டவர்கள் எல்லோருக்கும் அது தொற்றிக்கொள்ளாததற்கு இது ஒரு பெரிய காரணம்.

ஆனால் நம் உடம்பிலும் நிமிர்ந்த கதிர் அறவே இல்லாமல் இல்லை. நுரையீரலின் அடி ஆழத்தில் இருக்கிறது, கண்ணின் மேல்தோலில் இருக்கிறது. ஆழத்தில் பிடித்தால் நோய் கடுமையாகிறது. ஆனால் இருமலில் எளிதாக வெளியேறி அடுத்தவருக்குப் போவதில்லை. கண்ணில் பிடித்தால் கண் சிவக்கிறது.

கோழியின் உடம்பில் நிமிர்ந்ததோடு வளைந்ததும் உண்டு. பன்றியின் மூச்சுக்குழாயில் இரண்டும் உண்டு. காடைக்கும் மூச்சுக்குழாயிலும் குடலிலும் இரண்டும் உண்டு. இரண்டு கதிரும் உள்ள உயிருக்குள் பறவை வைரஸும் மனித வைரஸும் ஒரே நேரத்தில் புகுந்தால் என்ன ஆகும்? ஃபுளூ வைரஸின் மரபுப் பொருள் ஒரே இழையாக இல்லை, 8 துண்டுகளாக இருக்கிறது. இரண்டு சீட்டுக்கட்டைக் கலைத்த மாதிரி துண்டுகள் கலந்து புதுசு பிறக்கும். 2009இல் உலகம் முழுக்கப் பரவிய பன்றிக் காய்ச்சல் வைரஸில் பன்றி, பறவை, மனிதர் மூன்றின் ஃபுளூ வைரஸ்களிலிருந்தும் வந்த துண்டுகள் இருந்தன.

இது ஏட்டுச் சேதியாகத் தோன்றினால் ஹாங்காங்கில் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். 1997இல் அங்கே எச்5என்1 கோழியிலிருந்து நேராக மனிதருக்கு வந்தது. 18 பேருக்கு வந்து 6 பேர் இறந்தார்கள். ஆண்டுக் கடைசியில் நகரத்துக் கோழிகள் முழுவதையும் கொன்றார்கள். உயிர்ப் பறவைச் சந்தைகளில் வாத்து, கூஸ் வாத்து, கோழி, காடை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூண்டில் அடுக்கி விற்றதுதான் கலவைக்கு வசதி செய்து கொடுத்தது என்று தெரிந்தபின், 1998இல் வாத்தையும் கூஸையும் கோழிச் சந்தையிலிருந்து பிரித்தார்கள். 2002இல் காடையையும் பிரித்தார்கள். சந்தையை அடியோடு மூடவில்லை. யார் பக்கத்தில் யார் இருக்கலாம் என்பதை மாற்றினார்கள்.

நம் பண்ணைக்கும் இதே கணக்கைத்தான் நான் சொல்வேன். வாத்து வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். வயலில் களையையும் பூச்சியையும் தின்று எருவும் போடுகிற உயிர் அது. ஆனால் வாத்து பல நேரம் நோயை வெளியே காட்டாமல் வைரஸைச் சுமக்கும், அதன் எச்சத்தில் வைரஸ் வெளியேறும். ஊர் விட்டு ஊர் வரும் நீர்ப்பறவைகளோடு ஒரே தண்ணீரில் மேய்வதும் அதுதான். அந்த எச்சம் விழுந்த குட்டைத் தண்ணீரைக் கோழி குடித்தால், நிமிர்ந்த கதிர் கோழியிடமும் இருக்கிறது. வாத்துக்கு லேசாகப் போனது கோழிக்கு ஒரே நாளில் கொண்டை கறுத்துச் சாவாக முடியலாம். ஆகவே கோழிக்குக் குடிதண்ணீர் தனி. கிணற்று நீரோ குழாய் நீரோ கொடுங்கள், குட்டை நீர் வேண்டாம். காடைக் கூண்டு கோழிக் கொட்டகைக்குள் வேண்டாம். பன்றி வைத்திருப்பவர்கள் கோழி எச்சத்தையும் செத்த கோழியையும் பன்றித் தொட்டியில் போடவே கூடாது. அறுவடை முடிந்து வெளியூர் வாத்துக்காரர் மந்தையை இறக்கினால் உங்கள் கோழியை அந்த வயலில் சில வாரம் திறந்துவிடாதீர்கள். நல்ல வெயிலில் காய்ந்த தரையில் இந்த வைரஸ் சீக்கிரம் சாகும். நிழலில் தேங்கின தண்ணீரில் நாள்கணக்கில் கிடக்கும்.

இந்தியாவுக்கு இது முதலில் வந்தது 2006 பிப்ரவரியில், மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில். 2014இல் குட்டநாட்டு வாத்துக்களுக்கு வந்தபோது, காயலோரம் தலைமுறையாக வாத்து மேய்த்தவர்கள் மந்தை மந்தையாகத் தீயில் போட வேண்டியதாயிற்று. அவர்கள் யாரும் கூண்டுப் பண்ணைக்காரர்கள் அல்ல, திறந்தவெளி மேய்ச்சல்காரர்கள்தான். நம் இயக்கத்தில் இதைப் பேசாமல் தாண்டிப் போகிறோம் என்ற வருத்தம் எனக்கு உண்டு.

ஒரே மாதிரி கோழி ஆயிரக்கணக்கில் நெருக்கிய கொட்டகைக்குள் வைரஸ் போனால் அதற்குக் கொண்டாட்டம்தான். ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஓடி ஓடிப் பெருகி, பெருகும்போதெல்லாம் மாறிக்கொண்டே இருக்கும். கூண்டுப் பண்ணை முறையைப் பற்றி நாம் வைக்கும் குற்றச்சாட்டு சரியானது. ஆனால் நாட்டுக்கோழிக்கு வராது என்பது சரியில்லை. சிறுவிடையோ பெருவிடையோ, கரையான் தின்று வளர்ந்ததோ தீவனம் தின்று வளர்ந்ததோ, உயிரணுவின் மேலிருக்கும் கதிர் ஒன்றுதான். தீனி மாற்றி அதை மாற்ற முடியாது.

வெள்ளைக் கழிச்சலை எடுத்துக்கொள்ளுங்களேன். கோடை தொடங்கியதும் தெருத் தெருவாக நாட்டுக்கோழி சாவதை எந்த ஊரில் பார்க்கவில்லை? அந்த வைரஸ் பிடிப்பதும் இதே சியாலிக் அமிலத்தைத்தான். அதற்கு ஏழாம் நாளில் கண்ணிலும் மூக்கிலும் விடும் சொட்டு மருந்தும், எட்டாம் வாரத்தில் ஊசியும் கால்நடை மருந்தகத்தில் உண்டு. கீழாநெல்லியும் சீரகமும் மிளகும் அரைத்துக் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தடுப்பூசி போட்டால் இயற்கை வேளாண்மை கெட்டுவிடும் என்கிற பேச்சு எனக்கு உடன்பாடில்லை. நோய் வரக்கூடிய இடத்தில் தடுப்பூசி போட அங்ககச் சான்று விதிகளே இடம் கொடுக்கின்றன.

வெள்ளைக் கழிச்சலில் இன்னொரு பாடம் இருக்கிறது. சியாலிக் அமிலம் நமக்கும் உண்டு, அப்படியானால் அந்தச் சீக்கு நமக்கும் வர வேண்டுமே? வருவதில்லை. செத்த கோழியைக் கையாண்டவருக்கோ தடுப்பு மருந்து தெறித்தவருக்கோ இரண்டு நாள் கண் சிவக்கும், அதோடு சரி. காரணம், வாசலைத் தாண்டினாலும் உள்ளே காவல் இருக்கிறது. வைரஸ் புகுந்ததும் உயிரணு 'இன்டர்ஃபெரான்' என்ற பொருளைச் சுரந்து அக்கம்பக்கத்தை உஷார்ப்படுத்தும். கோழியின் காவலை அடக்க அந்த வைரஸுக்கு வழி தெரியும், மனிதரின் காவலை அடக்கத் தெரியாது. ஆக, தாவுவதற்குக் கைப்பிடி வேண்டும், ஆனால் கைப்பிடி மட்டும் போதாது. நாம் 'எதிர்ப்புச் சக்தி' என்று சொல்வதெல்லாம் வாசலுக்கு உள்ளே நடக்கிற வேலை. நல்ல தீனியும் வெயிலும் இடவசதியும் அங்கேதான் உதவும்.

மாட்டுக்கு வருவோம். பறவைக் காய்ச்சல் மாட்டுக்கு வராது என்றுதான் 2024 வரை எல்லோரும் நினைத்திருந்தார்கள். அந்த ஆண்டு மார்ச்சில் அமெரிக்காவின் டெக்சாஸ், கான்சாஸ் மாநிலங்களில் கறவை மாடுகள் தீனி குறைந்து, பால் குறைந்து, சீம்பால் மாதிரி கெட்டியான பால் கறந்தன. சோதித்தால் எச்5என்1. மூக்குச் சளியைவிடப் பாலில்தான் வைரஸ் மிக அதிகமாக இருந்தது. பிறகு மடியின் திசுவைப் பார்த்தபோது நிமிர்ந்த கதிர், வளைந்த கதிர் இரண்டும் அங்கே தாராளமாக இருந்தன. மூச்சுக்குழாயைப் பார்த்து "மாட்டுக்கு வராது" என்று இருந்தவர்களுக்கு மடி இன்னொரு வாசல் என்பது தோன்றவில்லை. கறவை இயந்திரத்தின் வழியே மடியிலிருந்து மடிக்குப் போனது. அந்தப் பச்சைப் பாலைக் குடித்த பண்ணைப் பூனைகள் பல செத்தன. டெக்சாஸில் ஒரு பண்ணைத் தொழிலாளிக்குக் கண் மட்டும் சிவந்தது. ஏன் கண் என்பது இப்போது உங்களுக்கே புரியும்.

அதே ஆண்டு டிசம்பரில் வெளியான ஓர் ஆய்வு இன்னும் யோசிக்க வைத்தது. இந்த மாட்டு வைரஸின் கையில் குறிப்பிட்ட ஒரே ஓர் அமினோ அமிலத்தை மாற்றினால், அது நிமிர்ந்த கதிரை விட்டு வளைந்த கதிரைப் பிடிக்கத் தொடங்குகிறது என்று காட்டினார்கள். அதனால் மட்டுமே மனிதரிடையே பரவிவிடாது, உள்ளே வேறு தடைகளும் இருக்கின்றன. ஆனாலும் ஒரே ஒரு படிதான்!

பச்சைப் பால்தான் உயிர்ப் பால் என்று நம் கூட்டங்களில் ஒரு பேச்சு உண்டு. காய்ச்சிக் குடிப்பது நம் வீட்டுப் பழக்கம், அதை விடாதீர்கள். காய்ச்சின பாலில் இந்த வைரஸ் பிழைக்காது. திடீரென்று பால் குறைந்து கெட்டியாகக் கறக்கிற மாட்டின் பாலைப் பூனைக்கும் நாய்க்கும் ஊற்றாமல் இருப்பது நல்லது. அந்த மாட்டைக் கடைசியாகக் கறந்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஃபுளூ வைரஸுக்கு மேலே கொழுப்பு உறை இருப்பதால் சோப்பு அதைக் குலைத்துவிடும்.

ஆடும் மாடும் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆட்டுக்கொல்லி நோயும், பழைய வெக்கை நோயும், குழந்தைகளுக்கு வரும் தட்டம்மையும் ஒரே குடும்பத்து வைரஸ்கள். மூன்றும் பிடிக்கிற கைப்பிடிகள் ஒன்றே. வெள்ளையணுக்களின் மேல் 'ஸ்லாம்' என்ற புரதம், பிறகு மூக்கு, வாய், குடல் உள்தோலில் 'நெக்டின்-4' என்ற புரதம். முதலாவதைப் பிடித்து உள்ளே போகிறது, இரண்டாவதைப் பிடித்து வெளியே வருகிறது. அதனால்தான் மூக்கொழுக்கும் வாய்ப்புண்ணும் கழிச்சலும் சேர்ந்தே வருகின்றன. ஸ்லாம் உயிருக்கு உயிர் கொஞ்சம் வேறுபடும். அந்தக் கொஞ்சம் வேறுபாடு பெரிய வேலை செய்கிறது. ஆட்டுக்கொல்லி மாட்டுக்குள் போனாலும் பொதுவாக நோயாவதில்லை, மாட்டிலிருந்து அடுத்ததற்குப் பரவுவதும் இல்லை. மனிதருக்கு வருவதே இல்லை. ஆனால் இந்தத் தூரம் என்றைக்கும் இப்படியே இருந்ததல்ல. மனிதரின் தட்டம்மையே 2000 ஆண்டுகளுக்கும் முன்பு மாட்டு வெக்கையின் மூதாதையிலிருந்து பிரிந்து வந்தது என்று கணிக்கிறார்கள். வெக்கையை 2011இல் உலகத்தை விட்டே ஒழித்தாயிற்று. பெரியம்மைக்கு அடுத்து அப்படி ஒழிந்த நோய் அதுதான், அதைச் செய்ததும் தடுப்பூசிதான். ஆட்டுக்கொல்லி இன்னும் இருக்கிறது. சந்தையில் வாங்கின புது ஆட்டை மூன்று வாரம் தனியாகக் கட்டுவது மந்தையைக் காப்பாற்றும், பக்கத்துக் கொட்டில் மாட்டை நினைத்துப் பயப்பட வேண்டியதில்லை.

கோமாரி அப்படியில்லை. மாடு, எருமை, ஆடு, பன்றி என்று பிளவுபட்ட குளம்புள்ளவை எல்லாவற்றுக்கும் வரும். ஆட்டில் லேசாக வந்து தெரியாமலே போகும், மாட்டுக்குக் கொடுத்துவிட்டு.

வெறிநாய்க்கடி இன்னும் மோசம். அந்த வைரஸ் பிடிக்கும் கைப்பிடிகளில் ஒன்று நரம்பும் தசையும் சேரும் இடத்திலேயே இருக்கிறது, அது எல்லாப் பாலூட்டிக்கும் பொது. கட்டுவிரியன் இனத்து நஞ்சு போய் ஒட்டுவதும் அதே கைப்பிடியில்தான், இதைப் படித்த அன்று எனக்கே வியப்பாக இருந்தது. நாய், மாடு, ஆடு, மனிதர் என்ற பேதம் இங்கே இல்லை. எச்சில் வடித்துக்கொண்டு விழுங்க முடியாமல் நிற்கிற மாட்டைப் பார்த்து, தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று வாய்க்குள் கை விடுகிறவர்கள் நம்மிடம் அதிகம். நாய் கடித்த சேதி இல்லாவிட்டாலும் மருத்துவர் வந்து பார்க்கும்வரை கை விடாதீர்கள்.

பயிருக்கு வரும் வைரஸ் கதை வேறு. செடியின் உயிரணுவுக்குத் தடித்த சுவர் இருப்பதால் ஏற்பியைப் பிடித்து உள்ளே போகிற வழியே இல்லை. காயம் வழியாகவோ பூச்சியின் ஊசிவாய் வழியாகவோதான் போக வேண்டும். ஆனால் உளுந்து மஞ்சள் தேமல் வைரஸ் வெள்ளை ஈயின் குடல் சுவரையும் எச்சில் சுரப்பியையும் கடந்துதான் அடுத்த செடிக்குப் போக முடியும், பொருத்தம் பார்ப்பது அங்கே நடக்கிறது. அசுவினியால் அதைப் பரப்ப முடியாததும் அதனால்தான்.

கடைசியாக, நாமே காசு கொடுத்து வாங்கித் தெளிக்கிற வைரஸ் ஒன்று இருக்கிறதே, என்.பி.வி. பச்சைக் காய்ப்புழுவுக்குத் துவரையிலும் கொண்டைக்கடலையிலும் அடிக்கிறோம். "வைரஸ்னு சொல்றீங்களே அண்ணே, காய் தின்னா புள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆகாதா?" என்று போன மாதம்கூட ஒரு தங்கச்சி கேட்டது. நல்ல கேள்வி. அந்த வைரஸ் ஒரு புரதப் பொட்டலத்துக்குள் இருக்கிறது. பொட்டலம் கரைய கடுமையான காரத்தன்மை வேண்டும். புழுவின் நடுக்குடல் சுண்ணாம்புத் தண்ணீர்போல் காரமானது, அங்கே கரைகிறது. நம் இரைப்பையில் இருப்பது அமிலம். கரைந்து வெளிவந்த வைரஸும் புழுவின் குடல் உயிரணுவில் உள்ள கைப்பிடிக்கு ஏற்பச் செய்யப்பட்டது. இதன் உறவுக்கார வைரஸ் ஒன்றை ஆய்வகத்தில் மனித ஈரல் உயிரணுவோடு சேர்த்தபோது உள்ளே புகுந்ததே தவிரப் பெருக முடியவில்லை, இங்கும் உள்காவல்தான். முட்டைக்கோசின் இலையில் இத்தகைய பொட்டலங்கள் இயல்பாகவே ஒட்டியிருப்பதை 1970களிலேயே கண்டிருக்கிறார்கள். நாம் காலங்காலமாகத் தின்றுகொண்டுதான் இருக்கிறோம்.

ஏக்கருக்கு 100 எல்.இ. அளவு, கூட ஒரு கிலோ வெல்லம், வெயிலில் வைரஸ் சாகாமலிருக்கத் துணிக்குப் போடுகிற நீலம் கொஞ்சம். சாயங்காலம் அடியுங்கள். நாலைந்து நாளில் புழு செடி நுனிக்கு ஏறித் தலைகீழாகத் தொங்கும். ஒன்றை மட்டும் பார்த்து வாங்குங்கள். காய்ப்புழு என்.பி.வி. புரொடீனியா புழுவுக்கு வேலை செய்யாது, அதற்கான வைரஸ் தனி. கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதாங்க" என்பார். புட்டியின் மேல் எந்தப் புழுவின் பெயர் அச்சிட்டிருக்கிறது என்று படித்துப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.